இசையமைப்பாளர் சொல்லும் காரணத்தை எவ்வளவு நம்பலாம்?

அக்டோபர் 12, இழையைத் தொடங்கிய வாசகர்

கச்சேரி அரங்கின் வாசலில் கையில் திணிக்கப்படும் நிகழ்ச்சிக் குறிப்பை இனிப் படிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நாற்பது பேர் பாடும் சேர்ந்திசையானாலும் நால்வர் வாசிக்கும் குவார்டெட்டானாலும், "இதை எழுத என்னைத் தூண்டியது இன்னது" என்று இசையமைப்பாளர் எழுதித் தருவதெல்லாம் விற்பனைத் தந்திரம். இசை தானாகப் பேசாவிட்டால் காகிதம் பேசி என்ன பயன்? மறுப்பவர்கள் ஓர் உதாரணம் காட்டட்டும்.

அக்டோபர் 12, இரவு, பதில் எழுதும் சேர்ந்திசைப் பாடகி

மறுக்க வருவதற்கு முன் உங்கள் கட்சிக்கே ஓர் உதாரணம் தருகிறேன். போலந்தின் பெண்டெரெட்ஸ்கி 1960-இல் 52 தந்தி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு எழுதினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் அதன் கால அளவுதான்: 8 நிமிடம் 37 விநாடி. வாசிக்கக் கேட்டபோது அதன் உணர்ச்சி வேகம் தன்னையே தாக்கியதாகவும், அதற்குப் பிறகே ஒரு தொடர்பைத் தேடி ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்குக் காணிக்கையாக்கியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இன்று அதைக் கேட்கிறவர்கள் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சலைக் கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன், உடல் சிலிர்த்திருக்கிறேன். "8 நிமிடம் 37 விநாடி" என்ற பெயரோடு கேட்டிருந்தால் சிலிர்த்திருப்பேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

அக்டோபர் 13

ஐம்பத்திரண்டு பேர் வாசிப்பது, இந்த இழை பேசவேண்டிய சேம்பர் இசை (சிறு கூடத்தில் சிலர் வாசிப்பது) ஆகாது என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஒரு கூடத்துக்குள் அடங்கும் இசைக்கே இனித் திரும்புகிறேன்.

அக்டோபர் 16

நான் முப்பது வருடங்களாக ஆல்ட்டோ வரிசையில் நிற்பவள். ஆல்ட்டோ என்றால், ராகம் உச்சக் குரலான சோப்ரானோவுக்குப் போய்விட, அஸ்திவாரம் பேஸ் குரலுக்குப் போய்விட, நடுவில் மூன்று ஸ்வரத்துக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பவர்கள் என்று பொருள். எங்களுக்காக ஒருவர் ஒரே ஒரு ஸ்வரத்தை எழுதிவைத்தார் என்பதால்தான் நிகழ்ச்சிக் குறிப்புகளின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் லாரிட்சன் 1994-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கொராலுக்காக "ஓ மாக்னும் மிஸ்தேரியும்" என்ற பழைய லத்தீன் கிறிஸ்துமஸ் பாடத்துக்கு இசையமைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நாங்கள் அதைப் பயின்றபோது, "பியாத்தா விர்கோ" என்று கன்னி மரியாளைச் சொல்லும் இடத்தில் ஆல்ட்டோ வரிசை முழுவதும் ஜி என்ற ஸ்வரத்தைப் பாடியது. இசைப்பிரதியில் இருந்ததோ அதைவிட அரைப்படி உயர்ந்த ஜி ஷார்ப். நடத்துநர் நிறுத்தினார், மறுபடி பாடச் சொன்னார், மறுபடியும் ஜிதான் வந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று என் பக்கத்தில் இருந்தவர் பென்சிலால் ஷார்ப் குறியை அடித்தே விட்டார். சுற்றிலும் எல்லாக் குரல்களும் ஒரே பட்டுத்துணி போல விரிந்துகிடக்கும்போது நாங்கள் மட்டும் அதில் ஓர் ஊசியைக் குத்த வேண்டியிருந்ததுதான் காரணம். காது கூசியது, ஆகவே தொண்டை மறுத்தது.

அந்த ஊசியைப் பற்றி லாரிட்சனே 2009-இல் ஒரு செய்தித்தாள் கட்டுரையில் எழுதியிருப்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். டி மேஜரில் அமைந்த முழுப் பாடலிலும் அந்தச் சுருதிக்கு அந்நியமான ஸ்வரம் அது ஒன்றே என்றும், மகனை இழக்கப்போகும் தாயின் துயரத்தை அந்த ஒரு சொல்லின் மேல் வைக்க விரும்பியதாகவும் அவர் சொல்கிறார். அடுத்த பயிற்சியில் இதை எங்கள் வரிசைக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் ஜி பாடவில்லை.

அக்டோபர் 17

அது எந்த ஸ்வரம் என்று கேட்டவர்களுக்காக: நாங்கள் ஸ்வரங்களை டோ, ரே, மி என்று சொல்லும் சால்ஃபா முறையில் பாடிப் பழகியவர்கள். அதில் அந்த ஜி ஷார்ப் "ஃபா" அன்று, "ஃபீ". கர்நாடக சங்கீதக்காரர்களுக்குச் சொல்வதானால், சங்கராபரணத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு பாட்டில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு குரலில், சுத்த மத்திமத்துக்குப் பதிலாகப் பிரதி மத்திமம் விழுகிறது. அது பிழை இல்லை என்று பாடகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் குறிப்பின் வேலை.

அக்டோபர் 19

"அவ்வளவுதான்" என்று எழுதியது அவசரம். அதே கட்டுரையில் லாரிட்சன் ஓர் ஓவியத்தைப் பற்றியும் நீளமாகச் சொல்கிறார். பாசடீனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அது, ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் 1633-இல் வரைந்தது. கருப்புப் பின்னணியில் ஒரு மேசை. ஒருபுறம் உலோகத் தட்டில் மஞ்சள் கனிகள், நடுவில் பூவோடு கூடிய ஆரஞ்சுக் கூடை, மறுபுறம் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு ரோஜாவும். ஆள் எவரும் இல்லை. லாரிட்சனுக்கு அந்த மேசை பலிபீடம், கனிகளும் பூவும் மரியாளுக்கான காணிக்கை. அந்த அமைதியையும் எளிமையையும் இசைக்குக் கொண்டுவர நினைத்ததாகச் சொல்கிறார். ஓவியத்தின் பெயரில் எலுமிச்சை என்று இருக்கிறது. படத்தில் பார்த்த எனக்கு நம் நார்த்தங்காய் போலத்தான் தெரிந்தது, ஊறுகாய் ஞாபகம் வந்து பக்தி கொஞ்சம் குறைந்தது.

ஓவியக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது தெரிந்ததால் நான் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றிப் பாடவில்லை. ஜி ஷார்ப் கதையால் மாற்றினேன். ஆகவே தொடங்கிய வாசகருக்கு என் தற்காலிக விதி இது: பிரதியில் விரல் வைத்து இடத்தைக் காட்டும் விளக்கத்தை நம்பலாம், மனநிலையை மட்டும் சொல்லும் விளக்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அக்டோபர் 27

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்டெட்டைக் கொண்டுவந்து என் விதியைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நியாயமான சோதனை.

1960 ஜூலையில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் போரில் அழிந்ததைப் பற்றிய ஒரு திரைப்படத்துக்கு இசை எழுத அனுப்பப்பட்டவர், அந்நகருக்கு அருகில் கோரிஷ் என்ற இடத்தில் தங்கி, 12-ஆம் தேதி முதல் 14-ஆம் தேதி வரை மூன்றே நாளில், படத்துக்குப் பதிலாக இந்தக் குவார்டெட்டை எழுதி முடித்தார். "பாசிசத்துக்கும் போருக்கும் பலியானோர் நினைவாக" என்பது காணிக்கை வரி. எரிந்த நகரம், போர், கண்ணீர் என்று எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சோவியத் அரசுக்கும் அது பிடித்த விளக்கம்.

ஆனால் அதே மாதம் 19-ஆம் தேதி நண்பர் ஐசக் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்வது வேறு. தான் செத்தால் தன் நினைவாக யாரும் எதையும் எழுதப்போவதில்லை என்று தோன்றியதால் தானே எழுதிக்கொண்டதாகவும், இதன் தலைப்பில் இந்தக் குவார்டெட்டின் ஆசிரியர் நினைவாக என்றே போட்டிருக்கலாம் என்றும் சொல்கிறார். எழுதும்போது வடித்த கண்ணீரின் அளவை, அரை டஜன் பியர் குடித்த பிறகு வெளியேறும் நீரோடு ஒப்பிடுகிறார். அந்த ஆண்டுதான் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர வைக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கடிதம் வேறு விதமாகக் கனக்கிறது.

இப்போது பிரதியில் விரலை வையுங்கள். முதல் நான்கு ஸ்வரங்கள் டி, ஈ ஃபிளாட், சி, பி. ஜெர்மானிய எழுத்துமுறையில் அவை அவருடைய பெயரின் எழுத்துகள் (டி, எஸ், சி, ஹெச்). சி-யை ஸட்ஜமாக வைத்தால் ரி, க, ஸ, நி. இந்தப் பெயர் ஐந்து பகுதிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே அவருடைய முதல் சிம்பொனி, இரண்டாவது பியானோ டிரியோ, செல்லோ கான்சர்ட்டோ, கண்டனத்துக்கு உள்ளான ஓபரா என்று பழைய படைப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. பிரதி கடிதத்தின் பக்கம் சாட்சி சொல்கிறது.

அக்டோபர் 28

"அப்படியானால் காணிக்கை வரி பொய்யா?" என்ற கேள்விக்கு நேற்று ஆம் என்று எழுதத் தொடங்கி அழித்தேன். இரண்டாவது டிரியோவிலிருந்து அவர் எடுத்து நுழைத்த யூத மெட்டு இரண்டாம் பகுதியில் அலறுகிறது. அது அவருடைய சொந்தக் கதை மட்டும் என்று சொல்ல முடியவில்லை. பலியானோர் பட்டியலில் தன் பெயரையும் எழுதினார் என்று படித்தால் இரண்டு விளக்கங்களும் ஒரே பெட்டியில் அடங்குகின்றன. யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே காரணம் இரண்டு உடை உடுத்திக்கொள்கிறது.

நவம்பர் 5

எனக்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் ஞாபகம் வந்ததும் இதனால்தான். அவரும் காரணத்தை அலங்கரித்தவர்.

1941 ஜனவரி 15 அன்று ஜெர்மனியின் கர்லிட்ஸ் நகரத்தின் ஸ்டாலாக் 8-ஏ போர்க்கைதி முகாமில், உறையும் குளிரில், "காலத்தின் முடிவுக்கான குவார்டெட்" முதன்முறை வாசிக்கப்பட்டது. கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. இந்த நான்கும் ஏன் சேர்ந்தன என்பதற்கு இறையியல் காரணம் எதுவும் தேவையில்லை: முகாமில் அந்த மூன்று வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், பியானோவுக்கு மெசியான் இருந்தார். ஆனால் முன்னுரையில் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தின் பத்தாம் அதிகாரம் வருகிறது. வானத்துக்கு நேராகக் கையை உயர்த்தி இனிக் காலம் செல்லாது என்று சொல்லும் தூதனுக்கே படைப்பு காணிக்கை. எட்டுப் பகுதிகள் ஏன் என்றால், ஏழு பூரண எண், ஆறு நாள் படைப்புக்குப் பிறகு வரும் ஏழாம் நாள் ஓய்வு நித்தியத்துக்குள் நீண்டு எட்டாவதாகிறது என்கிறார்.

அழகான கணக்கு. ஆனால் ஐந்தாம் பகுதி அவர் 1937-இல் ஆறு ஓண்ட் மார்த்தெனோ மின்கருவிகளுக்காக எழுதிய படைப்பிலிருந்து வந்தது. எட்டாம் பகுதி, 1930-இல் ஆர்கனுக்கு எழுதியதிலிருந்து வந்தது. நித்தியத்துக்குள் நீளும் அந்த எட்டாவது நாள் ஏற்கெனவே பத்து வருடமாக அவருடைய அலமாரியில் இருந்தது.

அன்றைய செல்லோவுக்கு மூன்று தந்திகளே இருந்தன, கேட்டவர்கள் ஐயாயிரம் பேர் என்றும் அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். வாசித்தவரான பாஸ்கியே, தந்தி நான்கும் இருந்தன என்று கடைசிவரை மறுத்தார். கேட்டவர்கள் சில நூறு பேர்தான். உண்மை இதைவிடக் குறைந்தது அல்ல: பனிக்காலத்தில், பசித்த சில நூறு கைதிகள், ஐம்பது நிமிடம் இப்படிப்பட்ட ஓர் இசையை உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கு மேல் எதற்கு மூன்று தந்தி?

நவம்பர் 6

மெசியானின் இந்தியத் தாள விவகாரத்தை ஏன் விட்டேன் என்று மூன்று பேர் கேட்கிறார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன், இழை திசைமாறும் என்று பயந்து. சரி.

முதல் பகுதியின் பியானோவில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தின் 120 தேசி தாளங்களில் இருந்து, ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் வழியாக, மெசியான் எடுத்தவை. நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்தவுடன் நிமிர்ந்து உட்காருகிறோம், நானும் உட்கார்ந்தேன். பிறகு கையில் தாளம் போட்டுப் பார்த்தேன், போட முடியவில்லை. ஆவர்த்தனம் இல்லை, சமம் இல்லை, வந்து சேரும் இடமே இல்லை. அவர் எடுத்துக்கொண்டது கால அளவுகளின் வரிசையை மட்டும். மூன்று தாளங்களும் சேர்ந்து 17 அளவுகள். அதன் மேல் 29 கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) தனி வரிசை ஓடுகிறது. இரண்டும் பகா எண்கள் என்பதால் 17 முறை 29, அதாவது 493 அளவுகள் கழிந்த பின்னரே இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வரும். அதற்கு வெகு முன்னதாகவே பகுதி முடிந்துவிடுகிறது.

இங்கே மெசியானின் விளக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். சுற்று முடியவே முடியாது என்பதைக் காதால் அறிய முடியாது, எண்ணித்தான் அறிய முடியும். காலத்தின் முடிவு என்பதற்கு இதைவிட நேரான ஓர் உருவத்தை நான் கண்டதில்லை. நேற்று அவரைக் கேலி செய்த தொனியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தந்திக் கணக்கைத் தவிர.

நவம்பர் 14

என் விதிக்கு மிகச் சுத்தமான சாட்சி செக் இசையமைப்பாளர் ஸ்மெடனா என்று எழுதுகிறேன். 1874-இல் செவி முற்றிலும் போயிற்று. 1876-இல் "என் வாழ்விலிருந்து" என்ற குவார்டெட். நான்காம் பகுதியில் நாட்டுப்புற உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போது எல்லாம் சட்டென்று நிற்கிறது. கீழே தந்திகள் நடுங்க, முதல் வயலின் மிக உயரத்தில் ஒரு ஈ-யைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறது. செவிட்டுத்தன்மைக்கு முன்னறிவிப்பாகத் தன் காதில் ஒலித்த ஓசை அது என்று நண்பர் ஸ்ர்ப்-க்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். தனக்கு அவ்வளவு நாசம் விளைத்ததால் இந்தச் சின்ன விளையாட்டை அனுமதித்துக்கொண்டதாகவும் சொல்கிறார். விளையாட்டு என்ற சொல்லை அங்கே படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன்.

நவம்பர் 15

திருத்தம். அவர் காதில் கேட்டது தனி ஈ அன்று, உச்ச ஸ்தாயியில் ஏ ஃபிளாட் மேஜரின் ஒரு கார்டு, அதுவும் மாலைதோறும் என்று ஒரு வாசகர் சரியாகவே நினைவூட்டுகிறார். ஆக, விரல் வைத்துக் காட்டிய இடத்திலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அந்தக் குவார்டெட் ஈ மைனரில் இருக்கிறது. வீட்டுக்குச் சொந்தமான ஸ்வரமே வந்து கழுத்தைப் பிடிப்பதுதான் இசையில் கொடூரம் என்று அவர் கண்டிருப்பார் போலும். இது என் ஊகம்.

நவம்பர் 23

இழை கனத்துவிட்டது என்று முணுமுணுப்பு கேட்கிறது, ஆகவே பீத்தோவன். 1826-இல் எழுதிய கடைசிக் குவார்டெட்டின் இறுதிப் பகுதிக்கு மேல் "கஷ்டப்பட்டு எடுத்த முடிவு" என்று எழுதி, "அப்படித்தான் ஆக வேண்டுமா? அப்படித்தான் ஆக வேண்டும்!" என்ற கேள்வியையும் பதிலையும் ஸ்வரத்தின் கீழேயே பொறித்தார். விதி, மரணம், துறவு என்று இதற்கு ஏகப்பட்ட உரைகள் எழுதப்பட்டுள்ளன. நடந்தது இது: டெம்ப்ஷர் என்ற ஒரு வசதியான ரசிகர், தன் வீட்டில் வாசிக்க முந்தைய குவார்டெட்டின் பிரதியைக் கேட்டார். பொதுக் கச்சேரிக்கு அவர் பணம் கட்டியிருக்கவில்லை. முதலில் வயலின் கலைஞர் ஷுப்பன்ஸிக்குக்கு 50 ஃபுளோரின் கொடு என்றார் பீத்தோவன். "கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?" என்று டெம்ப்ஷர் சிரித்தார். பீத்தோவன் உடனே "கொடுத்துத்தான் ஆக வேண்டும், பணப்பையை எடு" என்று ஒரு கேனன் (ஒருவர் பின் ஒருவராக அதே மெட்டைப் பாடும் பாட்டு) எழுதினார். குவார்டெட்டின் மெட்டு அதிலிருந்து வந்தது.

சந்தா வசூலித்துப் பழகிய நம் சபாச் செயலாளர்களுக்கு இந்தப் பகுதியைக் காணிக்கையாக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வியை வயோலாவும் செல்லோவும் தாழ்ந்த குரலில் கேட்கும்போது ஐம்பது ஃபுளோரின் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

டிசம்பர் 1

என் விதியை உடைக்கும் உதாரணத்தை நானே கண்டுபிடித்தேன், இரண்டு நாளாக எழுத மனமில்லாமல் இருந்தேன்.

அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் "ஸ்லீப்" என்ற சேர்ந்திசை ராபர்ட் ஃப்ராஸ்டின் பனிக்காட்டுக் கவிதைக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் பார்த்துப் பார்த்து இசை அமைத்த பிறகு, கவிஞரின் உரிமைதாரர்கள் அனுமதி மறுத்துவிட்டார்கள். விட்டேக்கர் இசையை எறியவில்லை. சார்ல்ஸ் அந்தனி சில்வெஸ்ட்ரி என்ற கவிஞரிடம் கொடுத்து, அதே யாப்பில், அதே எதுகையில், கடைசிச் சொல் "தூக்கம்" என்று முடியுமாறு புதிய சொற்களை எழுதி வாங்கினார். உலகம் பாடுவது இந்தச் சொற்களைத்தான். பனி போய்விட்டது, குதிரை போய்விட்டது, காடு போய்விட்டது. இசைக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே பாடியிருக்கிறேன், கவிதையும் இசையும் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்று சத்தியம் செய்திருப்பேன். பிரதியில் எந்த ஸ்வரத்தின் மேல் விரல் வைத்தாலும் அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டும் பொருந்துகிறது.

தொடங்கிய வாசகர் இதைப் படித்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

டிசம்பர் 9

அவர் சிரிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்டார்: "விளக்கமே தராத இசையமைப்பாளர்தானே நேர்மையானவர்?"

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க்கின் "லிரிக் சூட்" என்ற குவார்டெட் அப்படித்தான் ஐம்பது வருடம் நேர்மையாக இருந்தது. அச்சிட்ட பிரதி இசையமைப்பாளர் ஸெம்லின்ஸ்கிக்குக் காணிக்கை, பன்னிரு ஸ்வர முறையின் சாதனை என்று பாடம் நடத்தினார்கள். 1977-இல் ஆய்வாளர் ஜார்ஜ் பெர்ல் ஒரு பிரதியைப் பற்றி வெளியிட்டார். அதில் பெர்க் சிவப்பு, நீலம், பச்சை மைகளில் தன் கையாலேயே பக்கம் பக்கமாகக் குறித்திருந்தார்: படைப்பு முழுவதும் ஹன்னா ஃபுக்ஸ் என்ற, வேறொருவரின் மனைவியான பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதம். ஏ, பி ஃபிளாட், பி, எஃப் என்ற நான்கு ஸ்வரங்கள் ஜெர்மன் முறையில் இருவரின் பெயர் முதலெழுத்துகள் (ஏ, பி, ஹெச், எஃப்). கடைசிப் பகுதிக்குள் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் ஒரு கவிதை பாடப்படாமலே ஒளிந்திருக்கிறது. பெர்க்கின் மனைவி அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார்.

விளக்கம் தராதது நேர்மை என்று இதை வைத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் எல்லாவற்றையும் ஒரே ஒரு வாசகருக்காக, ஒவ்வொரு பட்டையிலும் விரல் வைத்து, மூன்று நிற மையில் விளக்கியிருக்கிறார். இசையமைப்பாளர்கள் எழுதிய நிகழ்ச்சிக் குறிப்புகளிலேயே உண்மையானது இதுதானோ என்று நினைக்கிறேன். டிக்கெட் விற்கப்படாத குறிப்பு.

டிசம்பர் 10

பட்டை என்று எழுதியது இசைப்பிரதியின் பார் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியை. எங்கள் குழுவில் அப்படித்தான் சொல்வோம். குழப்பத்துக்கு மன்னிக்கவும்.

டிசம்பர் 18

இந்த ஞாயிறு மறுபடியும் லாரிட்சனைப் பாடுகிறோம். இந்த இழையைக் குழுவில் யாரோ படித்துவிட்டு, நிகழ்ச்சிக் குறிப்பை நானே எழுத வேண்டும் என்று தலையில் கட்டினார்கள். முதலில் நான்கு பத்தி எழுதினேன்: சுர்பரான், மேசை, கனி, ரோஜா. ஒவ்வொன்றாக அடித்தேன். "விர்கோ என்ற சொல் வரும்போது ஆல்ட்டோக்களைக் கவனியுங்கள், அது பிழை அன்று" என்ற ஒரு வரி மிஞ்சியது. அச்சாகி வந்த தாளில் அந்த வரியும் இல்லை. இடம் போதவில்லை என்று சொல்லி அங்கே கேக் கடை விளம்பரம் போட்டிருக்கிறார்கள். தொடங்கிய வாசகர் அரங்குக்கு வந்தால் எந்தக் குறிப்பும் இல்லாமலே கேட்கலாம். ஆனால் இதுவரை படித்துவிட்டாரே, இனி அவரால் அந்த ஜி ஷார்ப்பைக் கேட்காமல் இருக்க முடியாது.